பன்னிரண்டு நாளுக்கு ஒரு தீவு போதும்: ஜனவரியில் பிலிப்பைன்ஸ், கையில் கேமரா

கேள்வி இதுதான்: ஜனவரியில் பன்னிரண்டு நாள் விடுப்பு. செபுவில் சினுலோக், கலிபோவில் அத்தி-அத்திஹான், இலோயிலோவில் தினாக்யாங் ஆகிய மூன்று திருவிழாக்களையும் படமெடுக்க வேண்டும். நடுவில் எல் நிடோ, கோரோன் தீவுகள், முடிந்தால் வடக்கே பனாவே மலைவயல்கள். எந்த வரிசையில் போவது, எந்த லென்ஸ் எடுத்துப்போவது?

முதல் வேலையாக இந்தப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடுங்கள். பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. வரைபடத்தில் விரலளவு தூரம் என்று தெரிவது நேரில் ஒரு நாளைத் தின்றுவிடும்: காலையில் விமான நிலையம், தாமதம், மணிலாவில் இறங்கி மாறுவது, அப்புறம் வேன், அப்புறம் படகு. ஐந்து ஊருக்குத் திட்டம் போட்டால் பன்னிரண்டு நாளில் ஐந்து நாள் பெட்டியோடு வரிசையில் நிற்பீர்கள். என் முதல் பயணத்தில் நான் செய்தது அதுதான். ஆயிரக்கணக்கில் படம் எடுத்தேன்; அதில் விமான ஜன்னல் வழியாக எடுத்த மேகங்களே கணிசம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சினுலோக்கும் அத்தி-அத்திஹானும் ஒரே நாளில் நடப்பவை. இரண்டுக்கும் ஜனவரி மூன்றாம் ஞாயிறுதான் உச்சநாள். ஊர்கள் வெவ்வேறு தீவுகளில் இருப்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தினாக்யாங் அதற்கடுத்த ஞாயிறு, அதாவது நான்காம் ஞாயிறு. கலிபோவும் இலோயிலோவும் பனாய் என்ற ஒரே தீவில் இருப்பது நமக்கு வசதி. வடக்கே கலிபோ, தெற்கே இலோயிலோ. சாலை வழியாக நாலைந்து மணி நேரத்தில் வேன் கொண்டுபோய் விட்டுவிடும். கடற்கரை வேண்டுமென்றால் போராகாய் இந்தப் பனாயின் வடமேற்கு மூக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய வியாழன் கலிபோவில் இறங்குங்கள், நான்காம் ஞாயிறுக்கு மறுநாள் திங்கள் இலோயிலோவிலிருந்து கிளம்புங்கள். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு நாள்.

செபு வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கே மனசு வலிக்கிறது, ஏனென்றால் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1521இல் ஸ்பெயின் மன்னருக்காகக் கப்பலோட்டிய மெகல்லன் செபுவுக்கு வந்தபோது அவ்வூர் மன்னன் ஹுமாபோனும் அவன் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அரசிக்குக் குழந்தை இயேசுவின் சிறிய மரச்சிலை ஒன்று பரிசாகக் கிடைத்தது. இரண்டே வாரத்தில் எதிரே இருக்கும் மக்தான் தீவில் லாப்புலாப்புவின் ஆட்கள் மெகல்லனைக் கொன்றார்கள். மிஞ்சிய ஸ்பானியர்கள் ஓடிப்போனார்கள். 44 வருடம் கழித்து, 1565இல், ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் படை வந்து ஊர் பற்றி எரிந்த பிறகு, ஒரு வீட்டில் பெட்டிக்குள் அந்தச் சிலை சேதமில்லாமல் கிடைத்தது. அதுதான் சாந்தோ நின்யோ, குழந்தை இயேசு. இன்றும் செபு பசிலிக்காவில் கண்ணாடிக்குள் கிரீடமும் பட்டாடையுமாக நிற்கிறது. ஜனவரித் திருவிழாக்கள் மூன்றுமே இந்தக் குழந்தைக்குத்தான்.

சினுலோக் என்ற பெயர் நீரோட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்பதுதான் ஆட்டம். ஆனால் 1980இல் தொடங்கிய பெரிய ஊர்வலம் இப்போது பிரம்மாண்டமாகிவிட்டது. தடுப்புக்கட்டை, பார்வையாளர் மேடை, விளம்பர வண்டிகள். கழுத்தில் அடையாள அட்டை இல்லாத புகைப்படக்காரர் முதுகுகளையும் தூக்கிப் பிடித்த செல்போன்களையும்தான் எடுத்து வருவார். செபுவுக்கு வேறொரு வருடம் போங்கள். அப்படிப் போனால் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்துவிடாமல், அடுத்த வெள்ளிவரை தங்குங்கள். அன்று விடியற்காலையில் ஹுபோ என்று ஒரு சடங்கு நடக்கும். திருவிழா முடிந்த குழந்தையின் பட்டாடையைக் களைந்து, வாசனை நீரில் முழுக்காட்டி, சாதாரண உடுப்பு போடுவார்கள். நம் கோயில் திருமஞ்சனத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கூட்டத்தின் மௌனம் சட்டென்று புரியும். பசிலிக்கா வாசலில் மஞ்சளும் சிவப்புமாக உடுத்திய மெழுகுவத்திக்காரப் பெண்கள் இருப்பார்கள். காசு கொடுத்தால் உங்கள் பெயரையும் வேண்டுதலையும் கேட்டு, மெழுகுவத்தியைக் கையில் பிடித்து உங்களுக்காக அவர்களே ஆடி வேண்டிக்கொள்வார்கள். ஊர்வலத்துக்கெல்லாம் மூத்த சினுலோக் அதுதான் என்பது என் கட்சி.

பனாத்தா என்றொரு சொல் அங்கே அடிக்கடி காதில் விழும். தமிழில் அதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: நேர்த்திக்கடன். வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடந்து போகிறவரை, பழனிக்குக் காவடி எடுக்கிறவரை அறிந்த ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் திருவிழாவில் இறகும் பாசிமணியும் பளபளப்பும் கண்ணை இழுக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஏதோ ஒரு கடனைத் தீர்க்கத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். லென்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், உடுப்பை எடுக்கப் போகிறீர்களா, நேர்த்திக்கடனை எடுக்கப் போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

எனக்கு இது புரியவே ஒரு திருவிழா வீணாயிற்று. முதல் முறை கலிபோவில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் பெரிய 70-200 லென்ஸோடு சாலையோர பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி அரை நாள் நின்றேன். ஊருக்கு வந்து பார்த்தால், எல்லாமே சுற்றுலாத் துறைச் சுவரொட்டி மாதிரி இருந்தது. பளிச்சென்று, கூர்மையாக, யாருடைய படமோ போல. அந்தத் திருவிழாவில் தேறிய ஒரே படம் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போனில் எடுத்தது. மேளக்குழு ஒன்றின் வாலில் ஒரு பாட்டி வருகிறார். சாயம்போன டி-சர்ட், ரப்பர் செருப்பு. இடுப்பில் பச்சைக்குழந்தையை வைத்திருப்பது போல ஒரு சாந்தோ நின்யோ சிலையை வைத்திருக்கிறார், வெயில் படாமல் அதன் தலையில் ஒரு கைத்துண்டு. அலங்காரம் எதுவுமில்லை, அங்கே ஆடுகிறவர்கள் பூசிக்கொள்ளும் கரிகூட முகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காலை மட்டும் இழுத்து இழுத்து ஆடுகிறார். பேரனுக்கு டெங்கு வந்து பிழைத்தானாம். அன்றிலிருந்து வருடா வருடம், உயிர் இருக்கும்வரை ஆடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். இதை அவரோடு வந்த பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். பாட்டி நிற்கவே இல்லை.

சரி, அத்தி-அத்திஹானுக்கு வருவோம். அத்தி என்பது பனாயின் பூர்வகுடிகளின் பெயர். கறுத்த மேனியும் சுருள்முடியும் கொண்ட மக்கள். அத்தி-அத்திஹான் என்றால் அத்தியைப் போல் ஆவது. ஊர்க்கதை இப்படிப் போகிறது: போர்னியோவிலிருந்து கொடுங்கோலன் ஒருவனுக்குத் தப்பி வந்த பத்து தாத்துக்கள், அதாவது குடித்தலைவர்கள், அத்தித் தலைவன் மரிகூடோவிடம் தங்கத் தொப்பி ஒன்றைக் கொடுத்து, அவன் மனைவிக்குத் தரையைத் தொடும் நீளத்துக்கு மாலை கொடுத்து, சமவெளியை வாங்கினார்கள். அத்திகள் மலைக்குப் போனார்கள். பின்பு நடந்த விருந்தில் வந்தவர்கள் முகத்தில் கரி பூசி அத்திகளோடு ஆடினார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை ஆவணமாக ஏற்பதில்லை. ஆனால் கலிபோவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் கேமராக்காரர் தெரிந்துகொள்ள வேண்டும். கரி பூசி ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அத்திகள் அல்ல. அசல் அத்தி மக்கள் சிலர் திருவிழா நாளில் சாலையோரம் உட்கார்ந்து வேரும் மூலிகையும் விற்றுக்கொண்டிருப்பார்கள். யார் பெயரில் திருவிழாவோ அவர்கள் ஓரத்தில். போராகாயில் அவர்களுடைய நிலத்தகராறு பல வருடக் கதை. 2018இல் அரசு சில அத்திக் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தது. அப்போதும் தகராறு ஓயவில்லை. கரி பூசுவதே அவமதிப்பு என்று சொல்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள், அது மரியாதை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கும் அத்திப் பெண்ணைக் கேட்காமல், தூரத்திலிருந்து லென்ஸை இழுத்து எடுக்காதீர்கள். உட்காருங்கள், ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள். படம் எடுக்க விட்டால் எடுங்கள்.

கலிபோவில் பார்ப்பவர், ஆடுபவர் என்ற பிரிவு இல்லை. கயிறு கட்டியிருக்க மாட்டார்கள். பாஸ்த்ரானா பூங்காவைச் சுற்றி, கதீட்ரலுக்கு முன்னால், மேளக்குழுக்கள் சுற்றிச் சுற்றி வரும். காலைத் தரையில் தேய்த்து நகரும் அந்த ஆட்டத்துக்கு சாட்சாட் என்று பெயர். நீங்கள் நடந்து போய் உள்ளே நுழைந்துகொள்ளலாம். "ஹாலா பிரா! புவேரா பாஸ்மா!" என்று கத்துவார்கள். பாஸ்மா என்பது என்ன தெரியுமா? வேர்த்து விறுவிறுத்த உடம்போடு தண்ணீரில் கை வைத்தால் வரும் உபாதை. வெயிலில் ஆடிவிட்டு வந்தவனைப் பார்த்து "சூட்டோடு தண்ணியைத் தொடாதே" என்று நம் வீட்டில் கத்துவார்களே, அதே நம்பிக்கைதான். பாஸ்மாவே ஓடிப்போ, மழை வந்தாலும் வெயில் வந்தாலும் ஆடுவோம் என்று பொருள். ஜனவரியில் அங்கே வடகிழக்குக் காற்று, அதை அமிஹான் என்பார்கள். திடீரென்று தூறும், பத்து நிமிடத்தில் வெளுக்கும். ஆட்டம் நிற்காது. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை சட்டைப்பையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்தால் உங்கள் முகத்திலும் கரி ஏறும். யாரோ ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்து கன்னத்தில் இழுத்துவிட்டுப் போவான். கோபப்படாதீர்கள், அதுதான் அனுமதிச்சீட்டு. ஆனால் ஒன்று: கன்னத்தில் கரியோடு கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனால் வியூஃபைண்டர் ரப்பர் முழுக்க மை. அங்கிருந்து விரல், விரலிலிருந்து லென்ஸ் கண்ணாடி. மத்தியானம் வரை எடுத்த படங்களில் எல்லாம் ஒரு மூலையில் புகைமூட்டம் இருப்பதை நான் சாயங்காலம்தான் கவனித்தேன். அதனால் லென்ஸை அறையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தெருவில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள், கரித்தூள் சென்சாரில் போய் உட்கார்ந்தால் அந்தப் பயணம் முழுக்க வானத்தில் புள்ளி இருக்கும். முன்கண்ணாடிக்கு ஒரு சாதாரண யுவி ஃபில்டர். துடைக்க மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு, ஒன்று போதாது.

எந்த லென்ஸ் என்ற கேள்விக்குப் பதில்: கிட்ட நின்று அகலமாக எடுக்க 35 மி.மீ. அல்லது 28 மி.மீ. ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவதாக உங்கள் போன். முக்காலி வேண்டாம், அந்த நெரிசலில் அது ஆயுதம். டிரோனை வீட்டில் வையுங்கள். கூட்டத்துக்கு மேலே பறக்கவிட அங்கே சட்டம் இடம் தராது, ஊருக்குப் பக்கத்திலேயே விமான நிலையமும் இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கலிபோ இருப்பது வடக்கே பதினொன்றரை பாகையை ஒட்டி. சேலம், ஈரோடு எந்த அட்சரேகையோ கிட்டத்தட்ட அதே அட்சரேகை. ஆக, நம் ஊர் தை மாத வெயில் எப்படி விழுமோ அப்படித்தான் அங்கும். ஆறு மணியைத் தாண்டி விடியும், ஐந்தே முக்கால் வாக்கில் அடையும். பத்து மணிக்குமேல் இறகுக் கிரீடத்தின் நிழல் முகத்தை மறைத்துவிடும். கரி பூசிய முகம், அதற்குப் பக்கத்தில் வெள்ளையும் வெள்ளியும் மின்னும் உடுப்பு. கேமராவைத் தானாக முடிவு செய்ய விட்டால், கறுப்பைப் பார்த்து "இருட்டு" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். முகம் சாம்பலாக வெளுக்கும், உடுப்பு வெந்துபோகும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள், பின்னால் திருத்த இடம் தரும் ரா ஃபைலில் எடுங்கள். கரி முகத்துக்கு வடிவம் கொடுப்பது வியர்வைதான். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் அந்த வியர்வை ஒரு கோடாக மின்னும். மாலை நாலரைக்கு மேல், சூரியன் தெருவின் கோடியில் இருக்கும்போது, அதைப் பார்த்து நில்லுங்கள். புழுதியும் புகையும் சேர்ந்து பின்னாலிருந்து ஒளி வரும்.

ஆட்டத்தை உறையவைக்க 1/500 விநாடி ஷட்டர் வேகம் போதும். ஆனால் சாட்சாட் முழுக்கக் காலில் இருக்கிறது. ஒரு மணி நேரமாவது குனிந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, 1/15இல் கால்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து குப்பைக்குப் போகும். மிச்சம் ஐந்தில் தரை மட்டும் அசையாமல், செருப்புகள் எல்லாம் ஓடையாகப் போவது தெரியும்.

ஞாயிறு காலைத் திருப்பலியை விட்டுவிடாதீர்கள். கோயிலுக்குள் ஒரு வரிசை நிற்கும். குருவானவரோ உதவியாளரோ சிறிய சாந்தோ நின்யோ சிலையைப் பக்தர்களின் தலையில், தோளில், முதுகில், வலிக்கும் இடத்தில் வைத்து அழுத்தி எடுப்பார். மூட்டுவலிக்காரர் முட்டியைக் காட்டுவார். சிலர் அழுவார்கள். இங்கே ஃபிளாஷ் கூடாது, ஓசையில்லா ஷட்டர் இருந்தால் போடுங்கள். நான் இரண்டு படம் எடுத்துவிட்டுக் கேமராவைப் பையில் போட்டு வரிசையில் நின்றேன். அன்று சாயங்காலம் ஊர்வலம், இருட்டும்போது ஆயிரக்கணக்கான சாந்தோ நின்யோக்கள் ஒவ்வொருவர் கையிலும். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொஞ்சம் மணல்மணலாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

படமெடுக்கும் மரியாதை பற்றி: பிலிப்பினோக்கள் கேமராவைக் கண்டால் மறைய மாட்டார்கள், மாறாக வரிசையில் நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார்கள். அதுதான் பிரச்சினையே. முதல் படம் அவர்களுக்காக எடுங்கள், திரையில் காட்டுங்கள், சிரிக்கட்டும். அப்புறம் கேமராவை இறக்காமல் பத்து விநாடி பொறுங்கள். விரல்கள் இறங்கும், முகம் தன் வேலைக்குத் திரும்பும். அந்தப் படம் உங்களுக்கு. வயதான அம்மாவை "நானாய்", ஐயாவை "தாத்தாய்", உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவரை "கூயா", பெண்ணாக இருந்தால் "ஆத்தே" என்று கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிடும் நமக்கு இது இயல்பாக வரும். படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். எல்லோரும் மெசஞ்சரில் இருக்கிறார்கள்.

கலிபோவில் தங்கும் அறை பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், விலையும் ஏறும். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டில் அறை விடுபவர்களைத் தேடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். திருவிழா நாளில் பாதுகாப்புக்காக செல்போன் சிக்னலை நிறுத்திய வருடங்கள் உண்டு, செபுவிலும் இலோயிலோவிலும் கூட. கூட வருபவரோடு எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசிவையுங்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் போராகாய்க்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கி பின்யா நெசவு பாருங்கள். அன்னாசி இலையிலிருந்து நூல். கலிபோ இருக்கும் அக்லான் மாகாணத்தின் இந்தக் கைத்தறி 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இலையைப் பலகையில் விரித்து, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டுவார்கள். முதலில் முரட்டு நார் வரும். அதை எடுத்த பின், தேங்காய்ச் சிரட்டையால் மெல்லச் சுரண்டினால் அடியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய நார் வரும். அதைக் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு நாராக எடுத்து, முனையோடு முனை கையால் முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலை அகலத்துக்கு எத்தனை முடிச்சு என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். நான் பார்த்த வீட்டில் ஒரு ஆத்தே கறுப்புத் துணியை மடியில் விரித்திருந்தார். எதற்கு என்று கேட்டேன், நார் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்றார். படத்துக்கும் அதே சூத்திரம்: ஜன்னலருகே, கறுப்புப் பின்னணியில், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால்தான் அந்த நார் படத்தில் இருக்கும். திருவிழாவின் நாலு நாள் கூச்சலுக்குப் பிறகு அந்த வீட்டின் அமைதி காதுக்கே நன்றாக இருக்கும். பிலிப்பினோ ஆண்கள் கல்யாணத்துக்குப் போடும் மெல்லிய பாரோங் சட்டையின் உயர்ந்த ரகம் இந்தத் துணிதான்.

சாப்பாட்டில் இனுபாரான் என்று ஒன்று கேட்டுப் பாருங்கள். வாழைத்தண்டும் கோழியும் தேங்காய்ப்பாலில். வாழைத்தண்டைக் கூட்டும் பொரியலுமாக மட்டுமே அறிந்த நமக்கு அது ஒரு பாடம். சைவக்காரர் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்: காய்கறி என்று கொண்டுவந்து வைப்பதிலும் இறால் விழுதோ பன்றித்துண்டோ ஒளிந்திருக்கும். "வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் பகோயோங்", அதாவது இறைச்சி, மீன், இறால் விழுது மூன்றும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

போராகாய் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் எழுதிவிட்டார்கள். கத்திக்லான் துறையிலிருந்து கால் மணி நேரப் படகு. குப்பையும் கழிவுநீரும் மிஞ்சிப்போய் 2018இல் ஆறு மாதம் தீவையே மூடித் துப்புரவு செய்தார்கள். ஜனவரியில் காற்று கிழக்கிலிருந்து வருவதால் மேற்குப் பக்கத்து வெண்மணல் கரை தடாகம் போல அமைதியாக இருக்கும். கிழக்கே புலபோக் கரையில் காற்றாடிச் சறுக்குக்காரர்கள் பறந்துகொண்டிருப்பார்கள். மாலையில் பராவ் என்ற நீலப்பாய்க் கட்டுப்படகுகள் சூரியனுக்கு முன்னால் வரிசையாகப் போகும், அந்தப் படத்தை நீங்களும் எடுத்தே தீருவீர்கள். எடுங்கள், தப்பில்லை. மூன்று இரவு போதும். அதில் ஒரு பகல் முழுக்கத் தூங்குங்கள்.

வெள்ளிக்கிழமை இலோயிலோ. தினாக்யாங் இளைய திருவிழா. 1968இல் செபுவிலிருந்து ஒரு சாந்தோ நின்யோ பிரதியைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கியது. 1977இல்தான் இந்தப் பெயர். கலிபோ கட்டுக்கடங்காத தெருக்கூத்து என்றால், இது ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்துக் கூராக்கிய போட்டி. ஒவ்வொரு குழுவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மாதக்கணக்கில் பயிற்சி. மேளம் ஒரே அடியில் நின்று ஒரே அடியில் தொடங்கும். மேடையருகே நிற்க முன்பே அனுமதி வாங்க வேண்டும், பார்வையாளர் மேடையில் உட்காரச் சீட்டு உண்டு. சீட்டு வாங்கி ஒரு குழுவை முழுதாகப் பாருங்கள், அசந்துபோவீர்கள். படத்துக்கு அங்கே உட்காராதீர்கள். பக்கத்துச் சந்துக்கு வாருங்கள். அடுத்த முறைக்காக ஒரு குழு முழுக்க நடைபாதையில் உட்கார்ந்திருக்கும். உடம்பெல்லாம் வண்ணம் பூசிய போர்வீரன் கைத்துண்டால் வாயை மட்டும் துடைத்துவிட்டு ஜூஸ் உறிஞ்சுவான். ஒரு ஆசிரியை வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு அறுந்த இறகைத் தைப்பார். ஒரு அம்மா பிளாஸ்டிக் டப்பாவில் சோறு ஊட்டுவார், மகனுக்குக் கையில் ஈட்டி. நமக்கு ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் எல்லாம் பழகிய காட்சிதான். மேடையில் எடுத்த இருநூறு படத்தைவிட இந்தச் சந்தில் எடுத்த இருபது எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை காலை நேரம் கிடைத்தால் மேற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் மியாகாவ் கோயிலுக்குப் போய்வாருங்கள். 1993 முதல் யுனெஸ்கோ மரபுச்சின்னம். மஞ்சள் கல்லில் கட்டிய கோட்டை போன்ற சுவர். முகப்பில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபர், அவர் ஊன்றியிருப்பது ஒரு தென்னைமரம். சுற்றிலும் பப்பாளி, கொய்யா. உள்ளூர்ச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து லா பாஸ் சந்தையில் ஒரு கிண்ணம் பாட்சோய் நூடுல்ஸ். பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு அது ஆகாது.

விசா: 2025 ஜூன் முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட், தங்குமிட உறுதி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். நாட்களை நீட்டிக்க முடியாது, ஆகவே பன்னிரண்டு நாள் திட்டத்தில் இரண்டு நாள் இடைவெளி இருப்பது நல்லதே. கிளம்புவதற்கு முன் இணையத்தில் ஈ-டிராவல் பதிவும் செய்ய வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் தூதரகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் தேங்காயெண்ணெய் வையுங்கள். கலிபோக் கரி சோப்புக்கு அசையாது. முதலில் எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டுத் துடைத்த பிறகுதான் சோப்பு. காது மடலுக்குப் பின்னால் இருப்பது மட்டும் எப்படியும் சென்னை வரை வரும்.